பட்டியல் நீண்டபோது: கணினிக் கோப்புகளைத் தேடிச்செல்லும் முறைகளின் வரலாறு

பெயரிட்டு ஒரே அலகாகச் சேமித்துவைக்கப்பட்ட தரவுத் தொகுதியைக் கோப்பு என்றும், பல கோப்புகளுக்கு நடுவே வேண்டிய ஒன்றிடம் பயனர் சென்றுசேர மென்பொருள் அமைத்துத் தரும் வழியைக் கோப்பு உலாவல் என்றும் கணினித் துறையினர் வழங்குவர். இவ்வழி கடந்த அறுபது ஆண்டுகளில் பலமுறை பிரித்துக் கட்டப்பட்டுள்ளது. அவ்வாறு கட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் உடனடிக் காரணமாக நின்றது சேமிப்பகத்தின் பெருக்கமே. முன்பு ஒரு பார்வையில் அடங்கிய பட்டியல் திரைக்குள் அடங்காமற்போனபோதுதான் வடிவமைப்பாளர்கள் பழைய வழியைக் கைவிடத் துணிந்தனர். அவர்களுக்கு உதவிய சிந்தனைகளோ பெரும்பாலும் பல்லாண்டுகளுக்கு முன்னரே, சில வேளைகளில் கணினியோடு தொடர்பே இல்லாத இடங்களில், பிறந்து காத்திருந்தவை.

1956-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 305 ராமாக் கணினியின் வட்டுச் சேமிப்பகம் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தும் ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. தரவு எந்தத் தட்டில் எந்தத் தடத்தில் உள்ளது என்பதை நிரலே எண்ணால் சுட்டியதால், மனிதர் உலாவுவதற்கென அதில் ஏதும் இருக்கவில்லை. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் நேரப்பகிர்வு முறை வந்தபின்னரே, யாருடைய கோப்பு எது என்ற கேள்வி எழுந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் அமைப்பு, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே ஓர் அடைவை, அதாவது அவருடைய கோப்புகளின் பெயர்ப்பட்டியலை, ஒதுக்கித் தந்தது. பெயர் இரு பகுதிகளாக அமையவேண்டும், ஒவ்வொரு பகுதியும் ஆறு எழுத்துக்கு மேற்படலாகாது என்ற விதிக்கு, அக்கணினியின் 36 பிட்டுச் சொல்லில் ஆறு எழுத்துகளே அடங்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சிடிஎஸ்எஸ்ஸின் வழித்தோன்றலாக, அக்கழகமும் பெல் ஆய்வகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் இணைந்து உருவாக்க முனைந்த மல்ட்டிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக, ராபர்ட் டேலி, பீட்டர் நாய்மன் ஆகிய இருவரும் 1965-ஆம் ஆண்டின் கணினி மாநாடு ஒன்றில் படித்தளித்த கட்டுரையே இன்றைய கோப்பு மரத்தின் பிறப்புச் சான்று எனலாம். அடைவுக்குள் கோப்புகளோடு வேறு அடைவுகளும் இருக்கலாம், அவற்றுக்குள்ளும் அவ்வாறே இருக்கலாம், எல்லாம் வேர் எனப்படும் ஒரே அடைவிலிருந்து கிளைக்கும் என்பதே அவர்கள் வகுத்த அமைப்பு. இம்மரத்தை மனிதர் எளிதாக வழிகண்டு செல்வதற்காக எழுந்த ஒன்றாகப் பின்னாளில் பலர் கருதினாலும், அதன் பயன் பெரும்பகுதியும் நிர்வாகம் சார்ந்தது: ஒரு கிளையை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், அக்கிளைக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்பவற்றைக் கிளையின் அடியிலேயே ஒருமுறை எழுதிவைத்துவிட முடிந்தது. ஒரு கோப்பு ஒரே கிளையில்தான் இருக்கமுடியும் என்பது இடர்தரும் என்பதையும் அவ்விருவரும் உணர்ந்தே இருந்தனர். ஆகவேதான் ஓரிடத்தில் உள்ள கோப்பை மற்றோரிடத்திலிருந்தும் சுட்டுவதற்கு இணைப்பு என்னும் வசதியை அதே கட்டுரையில் சேர்த்தனர். இவ்வசதி அன்று தொட்டு இன்றுவரை பல அமைப்புகளில் இருந்துவந்தும், பொதுமக்கள் கையில் அது ஒருபோதும் நன்கு படியவில்லை.

பெல் ஆய்வகம் மல்ட்டிக்ஸ் பணியிலிருந்து விலகிய 1969-இல் அங்கேயே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், மரத்தை எடுத்துக்கொண்டு அதன் சுமையைக் குறைத்தது. யூனிக்ஸில் அடைவு என்பதும் ஒரு கோப்பே. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அக்கோப்பின் ஒவ்வொரு பதிவும் சரியாக 16 பைட்டு நீளமுடையது; முதல் இரண்டு பைட்டுகளில் கோப்பின் அடையாள எண்ணும், எஞ்சிய பதினான்கில் அதன் பெயரும் இருந்தன. பெயரைச் சொல்லிக் கோப்பைக் கேட்டால், கணினி முதல் பதிவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தது. முப்பது பெயருள்ள அடைவில் இது நொடிக்கும் குறைந்த வேலை; முப்பதாயிரம் பெயருள்ள அடைவிலோ ஒவ்வொரு கோப்பைத் திறப்பதற்கும் சராசரியாகப் பட்டியலில் பாதியைக் கடக்கவேண்டியதாயிற்று. வேகமான தேடலுக்கேற்ற சுட்டுவரிசையை அடைவுக்குள்ளேயே அமைக்கும் ஏற்பாடு லினக்ஸில் அன்று பரவலாக இருந்த கோப்பு முறையாகிய எக்ஸ்ட்3-க்கு 2002 அளவில்தான் வந்துசேர்ந்தது. அதுவரை நிர்வாகிகள் தாமே கோப்புகளைச் சிறுசிறு அடைவுகளாகக் கூறுபோட்டுவந்தனர். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவி, தான் சேமிக்கும் பொருள்களை அவற்றின் அடையாளத்தின் முதலிரு எழுத்துகளைக் கொண்டு 256 அடைவுகளுக்குள் இன்றும் பிரித்துவைப்பது அந்தப் பழக்கத்தின் எச்சம்.

தனியாள் கணினி இவ்வரலாற்றை முதலிலிருந்து மீண்டும் நடித்துக் காட்டியது. 1981-இல் ஐபிஎம் கணினியோடு வந்த டாஸ் இயங்குதளத்தில் உள்ளடைவுகளே கிடையா. 160 கிலோபைட்டு கொள்ளும் நெகிழ்வட்டில் 64 பெயர்களுக்கே இடம் இருந்தது, அதற்கு மேற்பட்டால் வட்டில் வெற்றிடம் இருந்தும் புதிய கோப்பை எழுத இயலாது. 1983-இல் 10 மெகாபைட்டு வன்தட்டோடு எக்ஸ்டி கணினி வந்தபோது, அவ்வளவு பெரிய இடத்தை ஒரே பட்டியலால் ஆளமுடியாது என்பதால், டாஸின் இரண்டாம் பதிப்பு யூனிக்ஸின் மரத்தைக் கடன்வாங்கியது. யூனிக்ஸ் பாதைகளைப் பிரிக்கப் பயன்படுத்திய வலச்சாய்கோடு டாஸில் கட்டளைகளின் விருப்பக்குறியாக ஏற்கெனவே வழங்கிவந்ததால், பாதையைப் பிரிக்க இடச்சாய்கோட்டைத் தேர்ந்தனர். அக்குறியின் இடத்தில் ஜப்பானியக் கணினிகள் யென் நாணயக் குறியைக் காட்டின என்பது இக்கதையின் ஒரு வேடிக்கையான கிளை.

இதற்கிடையே மரத்துக்கு மேல் ஓர் உருவகம் போர்த்தப்பட்டது. ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் என்னும் பணிநிலையம், அலுவலக மேசையையும் காகித உறையையும் கோப்பு இழுப்பறையையும் திரையில் சின்னங்களாக வரைந்துகாட்டியது. அடைவு என்ற நிர்வாகச் சொல் கோப்புறை என்ற மேசைப்பொருளாக மாறியது இங்கேதான். இவ்வுருவகத்தை மலிவான கணினிக்குக் கொண்டுவந்த 1984-ஆம் ஆண்டின் மெக்கின்டாஷில் நிகழ்ந்ததோ நுணுகிப் பார்க்கத்தக்க விந்தை. அதன் 400 கிலோபைட்டு நெகிழ்வட்டில் கோப்புகள் எல்லாம் ஒரே தட்டையான பட்டியலாகவே இருந்தன. புரூஸ் ஹார்னும் ஸ்டீவ் கேப்ஸும் எழுதிய ஃபைண்டர் என்னும் நிரல், எந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குரியது என்ற குறிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, கோப்புறைகள் உண்மையிலேயே இருப்பதுபோல் திரையில் காட்டியது. ஆனால் ஒரு செயலிக்குள்ளிருந்து கோப்பைத் திறக்க முற்பட்டால், அங்கே தோன்றும் உரையாடல் பெட்டி கோப்புறைகளை அறியாததால், வட்டில் உள்ள யாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கியது. வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயருடைய இரு கோப்புகளை வைக்கவும் இயலாது, ஏனெனில் அடியில் இருந்த பட்டியல் ஒன்றே. சில பத்துக் கோப்புகள் இருந்தவரை எவரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 1985 செப்டம்பரில் 20 மெகாபைட்டு வன்தட்டை விற்கத் தொடங்கியபோதுதான், உள்ளபடியே கோப்புறைகளைக் கொண்ட எச்எஃப்எஸ் என்னும் முறையை ஆப்பிள் அதனோடு சேர்த்து வெளியிட்டது.

இடப்பக்கம் மரமும் வலப்பக்கம் கோப்புகளும் தோன்றும் அமைப்பு, இரு பலகங்களை அருகருகே நிறுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் நார்ட்டன் கமாண்டரின் அமைப்பு, நெக்ஸ்ட் கணினி பரப்பிய, ஒவ்வொரு நிலையும் அடுத்தடுத்த நெடுவரிசையாக விரியும் அமைப்பு ஆகிய மூன்றும் 1980-களுக்குள்ளேயே நிலைபெற்றுவிட்டன. 1995-இல் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இவற்றுள் முதலாவதை உலகப் பொதுவழக்காக்கியது. அதன்பின் வந்த பெரும்பாலான கோப்பு மேலாளர் மென்பொருள்கள் இம்மூன்றின் கலவைகளே.

இம்மூன்றும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ஒரே கோப்புறைக்குள் இலட்சக்கணக்கில் கோப்புகள் குவியும்போது. திரையில் தெரியும் நாற்பது ஐம்பது வரிகளை மட்டும் வரைந்து, உருட்டும்போது அவ்வரிகளிலேயே புதிய பெயர்களை இட்டு நிரப்பும் உத்தியால் நினைவகச் சிக்கல் தீர்ந்தது. கண்ணுக்கும் கைக்கும் உள்ள சிக்கல் தீரவில்லை. ஆயிரம் படப்புள்ளி உயரமுள்ள உருள்பட்டை பத்து இலட்சம் கோப்புகளைக் குறிக்குமானால், ஒரு புள்ளி அளவு கை அசைந்தாலே ஆயிரம் கோப்புகள் கடந்துபோய்விடும். பெயர்வரிசை துணைநிற்கும் என்றால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளில் 2-க்கு முன்னே 10 வந்து நின்றது. எண்ணை எண்ணாகவே மதித்து அடுக்கும் வழக்கத்தை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 2001-இன் எக்ஸ்பி பதிப்பில்தான் மேற்கொண்டது. தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளுக்கோ இடர் இன்னும் ஆழமானது. யூனிகோடு குறியெண்களில் தமிழ் மெய்கள் நெடுங்கணக்கு வரிசையில் நில்லாமல், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும், அதன்பின் ழகரமும் நிற்கின்றன. எனவே மொழிக்குரிய வரிசைவிதியைக் கொள்ளாது குறியெண்ணை மட்டும் பின்பற்றும் மென்பொருள், பழம், பள்ளி, பறவை என்று அகராதியில் நிற்கவேண்டிய மூன்று பெயர்களையும் பறவை, பள்ளி, பழம் என்று தலைகீழாக அடுக்கிவிடும். அகராதி பார்த்துப் பழகிய கண் அங்கே வழிதவறும்.

நீண்ட பட்டியலை ஓவியமாக்கினால் என்ன என்ற முயற்சிகளும் நடந்தன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன், பதினான்கு பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட்டு வன்தட்டு அடிக்கடி நிரம்பிவிடுவதற்கு யாருடைய எந்தக் கோப்பு காரணம் என்று காண விரும்பி, 1990-இல் மரவரைபடம் என்னும் உத்தியை வகுத்தார்; திரையின் செவ்வகத்தையே கிளைகளின் அளவுக்கேற்பச் சிறு செவ்வகங்களாகப் பகுத்துக்கொண்டே செல்வது அதன் முறை. வன்தட்டில் இடத்தை விழுங்கும் கோப்புகளைக் கண்டறியும் கருவிகள் இன்றும் அதையே கையாள்கின்றன. கோப்புறைகளை முப்பரிமாணப் பீடங்களாக்கி அவற்றின்மேல் பறந்துசெல்லவைத்த சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் நிரல் 1993-இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் இடம்பெற்றுப் புகழெய்தியது; அலுவல் மேசைகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

வேறு சிலர் மரத்தையே வெட்டிவிட எண்ணினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிஃபர்டும் துணைவர்களும் 1991-இல் முன்வைத்த பொருள்சார் கோப்பு முறையில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஆசிரியர், பொருள் முதலிய பண்புகளை இயந்திரம் தானே பிரித்தெடுக்கும். பயனர் ஓர் அடைவின் பெயரைப்போல் எழுதுவது உண்மையில் ஒரு வினவலாக அமைந்து, விடையே அவ்வடைவின் உள்ளடக்கமாகத் தோன்றும். 1990-களின் பிற்பகுதியில் பீஓஎஸ் என்னும் இயங்குதளம் இக்கருத்துக்கு நெருங்கிய ஒன்றை நடைமுறைப்படுத்தியது. அதில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு, அனுப்பியவர் பெயரும் தலைப்பும் அக்கோப்பின் பண்புகள், படிக்காத அஞ்சல்களின் பெட்டி என்பது இடைவிடாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு தேடல். அதன் கோப்பு முறையை வடித்தவருள் ஒருவரான டொமினிக் ஜியாம்பவோலோ பின்னர் ஆப்பிளில் சேர்ந்து, 2005-இல் வந்த ஸ்பாட்லைட் தேடலின் உருவாக்கத்தில் பங்கேற்றார். மைக்ரோசாஃப்ட் 2003-இல் முழக்கத்தோடு அறிவித்த வின்எஃப்எஸ், கோப்புகளை ஒரு தரவுத்தளத்தின் பதிவுகளாகவே ஆக்க முயன்று, 2004-இல் தள்ளிவைக்கப்பட்டு, 2006-இல் கைவிடப்பட்டது.

இம்முயற்சிகள் மரத்தை வீழ்த்தாமற்போனதற்கு நுட்பக் குறைகள் மட்டும் காரணமல்ல. டெபோரா பாரோவும் போனி நார்டியும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, கோப்பு இருக்கும் இடத்தையே மக்கள் நினைவூட்டியாகக் கொள்கின்றனர் என்பதை எடுத்துக்காட்டியது. தேடுபொறிகள் மேம்பட்ட பின்னரும் பயனர்கள் கோப்புறை வழியாக நடப்பதையே பெரிதும் விரும்பி, இடம் மறந்துபோனபோது மட்டும் கடைசி வழியாகத் தேடலை நாடினர் என்று ஓஃபர் பெர்க்மனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் காட்டினர். தேடுவதற்குச் சொல் நினைவுக்கு வரவேண்டும். நடப்பதற்கு வழி தெரிந்தால் போதும். நிர்வாகத்துக்காக நடப்பட்ட மரத்தை மக்கள் தம் வீட்டு அறைகளைப்போல் பழகிக்கொண்டுவிட்டனர் என்பதைப் புதுமை விரும்பிய வடிவமைப்பாளர்கள் தாமதமாகவே கண்டனர்.

இடத்தையும் இழக்காமல், ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் அணுகும் வழி, கணினி பிறப்பதற்கு முன்பே சென்னையில் வகுக்கப்பட்டிருந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகிய எஸ். ஆர். ரங்கநாதன், அறிவை மரமாகக் கிளைபிரித்து ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஒரு கூண்டு செய்துவைக்கும் டியூயி முதலியோரின் பகுப்பில் மனநிறைவு காணவில்லை. இலண்டன் அங்காடி ஒன்றில், சில உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு பல பொம்மைகளைக் கட்டிக்காட்டிய மெக்கானோ விளையாட்டுக் கருவி அவருக்கு வழிகாட்டியதாகக் கூறப்படுவதுண்டு. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளை முகங்களாகப் பிரித்து, அம்முகங்களின் குறிகளை முக்காற்புள்ளியால் கோத்தது. தஞ்சை மாவட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பத்தாண்டில் நெற்பயிரைத் தாக்கிய நோயைப் பற்றிய நூலுக்கு, நெல் ஒரு முகம், நோய் ஒரு முகம், தஞ்சை ஒரு முகம், அப்பத்தாண்டு ஒரு முகம். நூலடுக்கில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் நிற்கமுடியும் என்பதால் முகங்களை ஏதேனும் ஒரு வரிசையில் அவர் நிறுத்தியாக வேண்டியிருந்தது; அந்தத் தளை கணினித் திரைக்கு இல்லை.

அத்தளை அறுந்ததைத் தெளிவாகக் காட்டியது, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் வழிநடத்திய ஃபிளமெங்கோ என்னும் திட்டம். அருங்காட்சியகம் ஒன்றின் ஏறத்தாழ 35,000 கலைப்படங்களை, 2003-இல் வெளியான அவர்களது ஆய்வு, ஊடகம், இடம், காலம், கருப்பொருள் முதலிய முகங்களால் உலாவச் செய்தது. பயனர் எந்த முகத்திலிருந்தும் தொடங்கலாம். ஒன்றைத் தெரிவுசெய்தவுடன் மற்ற முகங்களின் ஒவ்வொரு பிரிவுக்கும் அருகே, அங்கே இன்னும் எத்தனை படங்கள் எஞ்சியுள்ளன என்ற எண் மாறித் தோன்றும். அந்த எண்ணே இவ்வமைப்பின் உயிர்நாடி. பல வகைத் தகவல்களை உள்ளடக்கிய நாசாவின் புவிநோக்குத் தரவுத் தொகுப்புக்காக மேரிலாந்துக் குழுவினர் 1990-களின் நடுவில் வடித்த முன்னோட்ட வினவலும், கேட்பதற்கு முன்பே எந்த வட்டாரத்தில் எந்த ஆண்டுக்கு எவ்வளவு தரவு உண்டு எனக் காட்டி, வெறுங்கையோடு திரும்பும் தேடல்களைத் தவிர்க்கும் நோக்குடையதே. இணைய அங்காடிகளின் இடப்பக்கத்தில் விலை, நிறம், அளவு என்று எண்களோடு நிற்கும் பட்டியல்களில் இவ்வமைப்பு இன்று எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது.

அறிவியல் தரவுகளில், பண்புகளின் வழியே பொருளை அணுகும் இம்மாற்றம் வேறு வழியாக வந்தது. வானியலார் 1981 முதல் பயன்படுத்திவரும் ஃபிட்ஸ் வடிவக் கோப்பின் தலைப்பகுதி, துளையட்டைக் காலத்தின் நினைவாக, 80 எழுத்து நீளமுள்ள வரிகளால் ஆனது. தொலைநோக்கியின் பெயரும் நோக்கிய நாளும் திசையும் அவ்வரிகளில் இருப்பதால், கோப்பு தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். ஆயினும் அவ்விளக்கத்தைப் படிக்க ஒவ்வொரு கோப்பையும் திறந்தாகவேண்டும். ஜிம் கிரேயும் அலெக்ஸ் சாலேயும் ஸ்லோன் வான்வரைபடத் திட்டத்துக்காக 2001-இல் திறந்துவைத்த ஸ்கைசர்வர், அவ்விளக்கங்களையும் அளவீடுகளையும் தரவுத்தளத்துக்கு மாற்றியது. எந்த வடிவத்தில் மாற்றுவது என்பதை முடிவுசெய்வதற்கு, வானியலார் கேட்க விரும்பும் இருபது கேள்விகளை எழுதித் தருமாறு கிரே கேட்டார் என்பது, இத்துறையில் வடிவமைப்புக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் செய்தி. வானியலார் அதன்பின் கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கவேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

மிகப்பெருந்தொகுப்புகள் தங்கும் மேகச் சேமிப்பகத்திலோ வரலாறு 1984-ஆம் ஆண்டின் மெக்கின்டாஷுக்கே திரும்பியதுபோல் தோன்றுகிறது. அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேவையின் வழக்கமான வகையில் அடைவுகள் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நீண்ட ஒரு திறவுப்பெயர் உண்டு, எல்லாப் பெயர்களும் ஒரே தட்டையான பட்டியலில் நிற்கின்றன. பெயருக்குள் வலச்சாய்கோடு வருமிடங்களில் வெட்டி, பொதுவான முன்பகுதிகளைத் திரட்டிக் கோப்புறைகள்போல் காட்டுவது பார்வைக்கான ஏற்பாடு மட்டுமே. ஒரு முறை கேட்டால் அச்சேவை அதிகபட்சம் ஆயிரம் பெயர்களையே தரும் என்பதால், பத்து இலட்சம் பெயர்களை அறிய ஆயிரம் முறை கேட்கவேண்டும். இதை அறியாத பயனர் ஒருவர் உலாவல் மென்பொருளில் ஒரு கோப்புறையின் பெயரைத் திருத்தினால், யூனிக்ஸில் அடைவின் ஒரே பதிவை மாற்றி முடியும் அவ்வேலை, இங்கே அம்முன்பகுதியைத் தாங்கிய ஒவ்வொரு பொருளையும் புதிய பெயரில் நகலெடுத்து, பழையதை ஒவ்வொன்றாக அழித்து, மணிக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும்.